பெயர் கூப்பிட்ட நாள்

எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு இப்போது வடக்கேயிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் யாரையாவது நிறுத்தி, "எந்த ஊரு? ஆதார் இருக்கா?" என்று ஒருவர் அதட்டினால் நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பேன். கேள்வி என்னிடம் இல்லை. இருந்தாலும் நிற்க மாட்டேன். நான் எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூடப் பரீட்சைக்குப் பயந்துதான். ஆனால் இந்தப் பதற்றம் அதற்கும் முந்தியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குக் கல்யாணம். ஊருக்கு மேற்கே, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான அகதி முகாம் இருந்தது. அங்கேயிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார். அவர் மகள் என் வகுப்பு. எனக்கு அவர் பெயிண்டர் மாமா, மற்றவர்களுக்குச் சிலோன்காரர்.

அவருடைய தாத்தா வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவராம். "அப்போ நம்ம ஊர் ஆளுதானய்யா நீரு, பெறகு எப்படி அகதி?" என்று சித்தப்பா சீண்டுவார்.

"அங்க எங்கள இந்தியாக்காரன் எண்டாங்க, இங்க சிலோன்காரன் எண்டுறீங்க. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் நான் சுவத்த முடிக்கிறன்" என்பார் அவர். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

முகாமில் ஒரு வழக்கம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் அதிகாரிகள் வந்து, வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் அரிசி போகும், குடியிருக்கும் இடம் போகும், எங்கே போனாய் என்று போலீஸ் கேட்கும். எனக்குத் தெரிந்ததோ எங்கள் வாத்தியார் கூப்பிடும் பெயர் மட்டும்தான். இன்றைக்கு ஆப்சென்ட் ஆனால், நாளைக்கு "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, அவர் வாசல் பக்கம் ஏணியில் நின்றிருந்தார். கொல்லைவழியாக அவர் மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "பேர் கூப்பிட வந்திட்டாங்க, அப்பாவ உடன வரச் சொல்லுங்க" என்று அங்கே நின்ற என்னிடமும் அத்தையிடமும் சொல்லிவிட்டு, தன் பெயருக்கு நிற்க வேண்டுமே என்று திரும்பி ஓடினாள்.

நான் வாசலுக்கு ஓடப் போனேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, சொல்லிறாத. இப்ப எறங்குனா திரும்பி வர மாட்டாரு. மாப்ள வீட்டுக்காரக சாயங்காலம் வந்து பாதிச் சுவத்தையா பாப்பாக? அரை மணி நேரந்தான்."

நான் ஏணிக்கடியில் போய் நின்றேன். "ஆர் வந்தது, பிள்ளை?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"பால்காரர்" என்றேன்.

அப்படிச் சொல்லச் சொல்லி அத்தைகூடச் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் அவர் மனைவியே வந்து தெருவில் நின்று கத்தினாள். அவர் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினார். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டதாம். பெயரை அடித்துவிட்டார்கள் என்று மாலையில் சேதி வந்தது. "அடிச்சா மறுபடி எழுதிக்கிட மாட்டாகளாக்கும்" என்றாள் அத்தை, பூவைத் தொடுத்துக்கொண்டே.

கல்யாணத்தன்று விடிந்ததும் பார்த்தால், அவர் ஏணியில் நின்று, விட்டுப்போன இடத்தை அடித்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றாள் அத்தை. ராத்திரி முழுக்கத் தூங்காத எனக்கு உயிர் வந்தது.

வேலை பார்த்த வீட்டுக்காரர் நேரில் வந்து, "எங்க வீட்டுலதான் இருந்தாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் பெயரைத் திரும்பச் சேர்க்கலாம் என்று முகாம் அதிகாரிகள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அப்பா பட்டுவேட்டியோடு வெளியே வந்தார். பெயிண்டர் மாமா ஏதோ மெதுவாகச் சொன்னார். "இன்னைக்குப் போயா? முகூர்த்தம் முடியட்டும்ப்பா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு அப்பா காரில் ஏறினார். பிறகும் போகவில்லை.

கார் போன பின்பும் அவர் கேட்டருகிலேயே நின்றார். டீக்காகத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய், சீனி கூடுதலாகப் போட்டு, ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தேன்.