இறங்கித் தள்ளட்டும்

பன்னிரண்டு வயதில் நான் ஒரு சைக்கிள் விளக்கைத் திருடினேன். யாரும் பார்க்கவில்லை, பிடிபடவும் இல்லை. அதே வாரத்தில் ஊரார் என்னை ஒரு சைக்கிளில் உட்கார வைத்து மணியடித்துக்கொண்டு ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள். விளக்கைத் திருடியது அந்தச் சைக்கிளிலிருந்துதான். ஊர்வலக் கதையை என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பலமுறை சொல்லியிருக்கிறேன். திருட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டேன். இந்தத் தடவை விடவில்லை.

அறுபதுகளில் நாங்கள் அந்தமானில், போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையிலிருந்த பாம்பூஃப்ளாட்டில் இருந்தோம். அப்பா போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. என் பள்ளிக்கூடமும் அங்கேதான். காலையில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு படகில் சாத்தம் துறைக்குப் போவோம். சாத்தம் ஒரு சின்னத் தீவு. மர அறுவை மில்லும் படகுத்துறையும் அதில் இருந்தன. அதற்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே ஒரு பாலம். பாலத்தைத் தாண்டியதும் அப்பா ஏறி மிதிப்பார், நான் பின்னால் தொற்றிக்கொள்வேன். மாலையில் இதே வழியில் திரும்ப வேண்டும். படகு யாருக்காகவும் நிற்காது.

அந்தமானில் சூரியன் அவசரக்காரன். கடிகாரம் டில்லியுடையது, வெளிச்சம் எங்களுடையது. மார்கழியில் அலுவலகம் விடும் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் அச்சடித்திருந்த அஸ்தமன நேரம் மெட்ராஸுக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா விளக்கேற்றும்போது அப்பா காலண்டரைக் காட்டி, இன்னும் பொழுது சாயவில்லையாம், எண்ணெயை வீணாக்காதே என்பார். அம்மா சிரிக்க மாட்டாள். ஒவ்வொரு வாரமும் சொன்னால் யார்தான் சிரிப்பார்கள்?

பொழுது சாய்ந்து அரைமணி ஆகிவிட்டால் சைக்கிளில் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் இரண்டு ரூபாய் அபராதம். அலுவலகம் விட்டு மேடும் பள்ளமுமாக மிதித்துப் பாலத்துக்கு வந்து சேரும்போது அந்த அரைமணி தீர்ந்திருக்கும். பாலத்தின் தலைப்பில் ஒரு போலீஸ்காரர் நிற்பார். எல்லோரும் அவரை ஜமாதார் என்பார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாலும் அவரை ஏமாற்ற முடியாது. சீட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் இதுவரை ஓட்டிக்கொண்டு வந்தவன் என்று பொருள். இரண்டு ரூபாய் இல்லாதவனின் சைக்கிளில் வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கிவிடுவார். அதை இழுத்துக்கொண்டு துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கடைசிப் படகு போய்விடும்.

அப்படித்தான் ஒரு மாதக் கடைசியில் அப்பாவின் சைக்கிள் உஸ்ஸென்று படுத்தது. என்னை மட்டும் தெரிந்த ஆளோடு படகுக்கு அனுப்பிவிட்டு, அவர் அன்றிரவு சாத்தத்தில் மரக்கட்டைகளின் மேல் தூங்கினார். மறுநாள் காலை துறையில் பார்த்தபோது தலைமுடியெல்லாம் மரத்தூள். அப்பா அதைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு, அப்பாவுக்காகப் பஜாரில் காத்திருந்தேன். ஜவுளிக்கடை வாசலில் பாய் மாமாவின் சைக்கிள் நின்றது. அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்தவர். கடையில் சேலைகளை எடுத்துப் பின்னால் மூட்டையாகக் கட்டிக்கொண்டு அக்கரையில் குடியேற்றக் கிராமங்களில் தவணைக்கு விற்பார். வயல்காட்டிலிருந்து ஆட்கள் திரும்பிய பிறகுதான் அவருக்கு வியாபாரம். சைக்கிள்தான் அவருடைய கடை. அன்று அதன் முன்னால் ஒரு பித்தளை விளக்கு மாட்டியிருந்தது.

யாருடையது என்று தெரிந்துதான் எடுத்தேன். அப்பாவுக்கு இல்லை, இவருக்கு இருக்கிறது. இதற்கு மேல் என்னிடம் நியாயம் எதுவும் இருக்கவில்லை. கையில் எடுத்த பிறகுதான் பார்த்தேன்: பக்கவாட்டில் ஒரு பச்சைக் கண்ணாடி, அதன் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு விரிசல். பையில் புத்தகங்களுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது அன்று பகலில்தான் கப்பலில் வந்து இறங்கியது என்பது எனக்குத் தெரியாது.

அப்பாவும் நானும் பாலத்துக்கு வந்து இறங்கியபோது, எங்களுக்கு முன்னால் ஜமாதார் பாய் மாமாவை மறித்திருந்தார்.

"பத்தி கஹாங்?" விளக்கு எங்கே என்று கேட்டார்.

"இருந்துச்சு ஜமாதார்ஜி. சோரி ஹோகயா."

எல்லாருக்கும் இங்கே வந்ததும்தான் திருட்டுப் போகிறது என்று ஜமாதார் ஹிந்தியில் சொன்னார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பாய் மாமா ஏதோ கோபமாகச் சொல்ல, பேச்சு முற்றியது. அந்தச் சந்தடியில் எங்களை யாரும் கவனிக்கவில்லை. அப்பா என் தோளை அழுத்தினார்.

"ஏல, திரும்பிப் பாக்காத. வா."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதுகுப் பையில் விளக்கு இடித்துக்கொண்டே வந்தது. படகு கிளம்பிய பிறகுதான், இது எங்கிருந்து கிடைத்தது என்று அப்பா கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனை வந்தது. அப்பாவுக்காகத் திருடிய விளக்கை அப்பாவிடம் கொடுக்கவே முடியாது. கோழிக்கூண்டின் பின்புறம் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பாய் மாமாவின் சைக்கிளை ஜமாதார் பிடித்து வைத்துக்கொண்டார். சனிக்கிழமை அதிகாரி விசாரிப்பார் என்றார்கள். சைக்கிள் திரும்பி வராவிட்டால் மூட்டையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக நடக்க வேண்டியதுதான். பஜார் ஹிந்தியெல்லாம் ஆபீஸில் எடுபடாது, பையன் பள்ளிக்கூட ஹிந்தி நன்றாகப் பேசுவான், கூட்டிக்கொண்டு போங்கள் என்று அப்பா என்னை அவரோடு அனுப்பினார். பாய் மாமா என் தலையைத் தடவி, "வாங்க வக்கீல் மருமவனே" என்றார்.

மரைன் ஹில் மேட்டில் போலீஸ் ஆபீஸின் ஓர் அறை. மேசைக்குப் பின்னால் பெரிய மீசையோடு வடக்கத்தி அதிகாரி. பாம்பூஃப்ளாட்டில் சைக்கிள் வைத்திருந்த பாதிப் பேர் சன்னலில் தொங்கினார்கள். இன்று இவருக்கு வந்தது நாளை தங்களுக்கும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். விளக்கு இருந்தது என்கிறாயே, எப்படிப்பட்ட விளக்கு என்று அதிகாரி கேட்டார்.

"புது லாம்புன்னு சொல்லு மருமவனே. அன்னைக்கித்தான் வந்துச்சு. இன்னும் ஒருத்தர் கண்ணுலயும் காட்டல. மூட்டையை எடுத்துட்டு வர்றதுக்குள்ள எவனோ கழட்டிட்டான்."

சொன்னேன். அதிகாரி நம்ப வேண்டுமே என்று, பித்தளை விளக்கு, பக்கத்தில் பச்சைக் கண்ணாடி, அதன் ஓரத்தில் விரிசல் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். பாய் மாமா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். என் ஹிந்தியின் சரளத்தில் மலைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று அதிகாரி கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே, "கிஸீ பே ஷக் நஹி, ஸாப்" என்றார் பாய் மாமா. யார் மேலும் சந்தேகம் இல்லையாம். இவ்வளவு ஹிந்தி தெரிந்தவர் என்னை எதற்குக் கூட்டி வந்தார் என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அதிகாரி ஜமாதார் பக்கம் திரும்பினார். பச்சைக் கண்ணாடியில் விரிசல் விட்ட விளக்கு எவன் சைக்கிளில் தென்பட்டாலும், விளக்கோடு அவனையும் இங்கே கொண்டு வா, எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டுக்கொள்கிறேன் என்றார். ஜமாதார் விறைப்பாக நின்று தலையாட்டினார்.

விளக்கு எங்கள் கோழிக்கூண்டுக்குப் பின்னால்தான் இருந்தது. இந்தப் பேச்சு விளக்கைவிட்டு வேறெங்காவது போக வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தேன். ஸாப், இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சூரியன் தாமதமாக மறையும் ஊரில் உட்கார்ந்து எழுதினார்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் ஐந்து மணிக்குப் பொழுது சாய்வதே இல்லை. அங்கே ஐந்து மணிக்கு வேலை முடிகிறவன் வெளிச்சத்தில் வீட்டுக்குப் போகிறான், இங்கே அதே ஐந்து மணிக்காரன் இருட்டில் போகிறான். அவன் எங்கும் சுற்றிவிட்டு வரவில்லை. ஊருக்குள் இருக்கிறவன் இரண்டு ரூபாயோடு தப்பித்துவிடுவான். எங்களுக்கு இரண்டு ரூபாயும் போகும், படகும் போகும், கட்டை மேல் படுக்க வேண்டும். கடைசியில் மூச்சு வாங்க, "ஏக் கஸூர், தோ ஸஜா, ஸாப்" என்று முடித்தேன். ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை.

அதிகாரியின் மீசை அசைந்தது. சிரிக்கிறார் என்று சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. சரி வக்கீல் ஸாப், விளக்கில்லாமல் வருகிறவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம், நீயே சொல் என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மரத்தூள் ஒட்டிய அப்பாவின் தலைதான் கண்முன் வந்தது. பாலம்தான் இருட்டு, மில்லின் மர வண்டிகள் போகும் இடமும் அதுதான் என்று யோசித்தேன்.

"பாலத்துல இறங்கித் தள்ளட்டும் ஸாப். அது போதும்."

தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஹிந்தியில் சொன்னேன்.

அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே உத்தரவாக்கினார். விளக்கில்லாதவன் பாலத்தின் தலைப்பில் இறங்கி மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாலத்தில் ஏறி மிதித்தவனுக்கு மட்டும் இரண்டு ரூபாய். காற்றை இறக்கக் கூடாது. சீட்டைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. கடைசி ஆள் தள்ளி முடிக்கும்வரை ஜமாதார் டார்ச்சை ஆட்டிப் படகை நிறுத்திவைக்க வேண்டும். சீட்டைப் பற்றி யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியாது. அந்த இடத்தில் சன்னலே பெயர்ந்து விழும்போல ஆரவாரம்.

அன்று மாலை பாலத்தின் தலைப்பில் எல்லோரும் கூடிவிட்டார்கள். டைனமோ விளக்கு வைத்திருந்த பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர்கூட இறங்கிக்கொண்டார். என்னைத் தூக்கி, திரும்பக் கிடைத்த பாய் மாமாவின் சைக்கிள் சீட்டில் வைத்தார்கள். அவர் தள்ளினார். அப்பா ஒரு கையால் தம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறுகையை என் முதுகில் வைத்துக்கொண்டு நடந்தார். முன்னாலும் பின்னாலும் சைக்கிள் மணிகள். ஜமாதாரைக் கடந்தபோது கூட்டத்தில் ஒருவர், "தொட்டுப் பாருங்க ஜமாதார்ஜி, சீட்டு சூடா இருக்கா?" என்றார். ஜமாதாரே சிரித்துவிட்டார். எனக்கு ஒரு சல்யூட்கூட வைத்தார். பிறகு துறையைப் பார்த்து டார்ச்சை ஆட்டினார். யாருக்கும் நிற்காத அந்தப் படகு எங்களுக்காக நின்றது.

அப்பா அவ்வளவு நிமிர்ந்து நடந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டில் அம்மா கேசரி கிண்டினாள். இவ்வளவுக்கும் நடுவே நான் பார்க்காமலிருக்க முயன்ற ஒரு பொருள் உண்டு. சீட்டில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு நேரே, ஹாண்டில்பாருக்கு முன்னால், விளக்கு மாட்டும் கொக்கி காலியாக நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் விளக்கை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, கோழி நாற்றம் போகக் கழுவி, பாய் மாமாவின் சைக்கிள் கொக்கியில் மாட்டிவிட்டு வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அவர் வெளியே வந்தார். பார்த்தார். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். விளக்கைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு முந்தைய நாளைவிடப் பெரிய சந்தோஷம்.

திங்கட்கிழமை மாலை அவர் ஏறி மிதித்துக்கொண்டு வெளிச்சமாகப் பாலத்தைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்தேன். கொக்கி காலியாகத்தான் இருந்தது. எங்களோடு இறங்கித் தள்ளினார். மறுநாளும் அப்படித்தான். வேறு லாம்பு வாங்கவில்லையா மாமா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"எதுக்கு மருமவனே? தள்ளிக்கிட்டே போனா நாலு பேச்சு பேசிட்டுப் போலாம்ல."

மண்ணெண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று முடிவு செய்தேன். ஜமாதார் ஒவ்வொரு சைக்கிள் விளக்கின் பக்கவாட்டிலும் டார்ச் அடித்துப் பச்சைக் கண்ணாடியைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். எனக்குப் பயமில்லை. விளக்குதான் இப்போது என்னிடம் இல்லையே. நான் படிக்க மெட்ராஸ் கப்பல் ஏறும்வரை பாய் மாமா அந்தப் பாலத்தை இருட்டில் நடந்தே கடந்தார். அந்த விளக்கை மாட்டினால் அது எங்கிருந்து திரும்பி வந்தது என்று அவர் சொல்ல வேண்டிவரும் என்பது எனக்கு விளங்கியபோது, மன்னிப்புக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

ஒரு மாலை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பாலத்தின் பலகைகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது, அவருடைய சைக்கிளின் வலது கைப்பிடியில் தொங்கிய துணிப்பையிலிருந்து தகரம் இடிபடுவது போன்ற சத்தம் வந்தது. ஜமாதார் கை காட்டி நிறுத்தினார். பையில் என்ன என்றார்.

"கானா, ஜமாதார்ஜி."

சாப்பாட்டுத் தூக்கு என்று நானும் நம்பினேன். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு எப்போதும்போல இடது கைப்பிடியில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கிக்கொண்டிருந்தது. ஜமாதாரின் டார்ச் வெளிச்சம் தூக்கின் மேல் விழுந்தது. அங்கிருந்து பைக்கு நகர்ந்தது. பிறகு என் முகத்துக்கு வந்து சற்று நின்றது.

"சலோ" என்று டார்ச்சை அணைத்தார்.

வக்கீல் ஸாப் கூட வருவதால்தான் வழிவிடுகிறார் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகில் ஏறினேன்.