கப்பல் ரொட்டி

அப்போது கோட்டையில் ஒல்லாந்துக்காரர் இருந்தார்கள். நாங்கள் எதிரே ஏரிக்கரையில், தோணிரேவுக் குப்பத்தில் இருந்தோம்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. போன பிறகும் சோறு இறங்கவில்லை. கஞ்சியைத் துப்பினான். சுட்ட இறாலை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். விலா எலும்பு தெரிந்தது. அவனைத் தூக்கும்போதெல்லாம் அம்மா கொஞ்சம் நின்றுவிடுவாள்.

அவன் கேட்டது கப்பல் ரொட்டி. துறையில் ஒரு சிப்பாய் தின்றதைப் பார்த்திருக்கிறான். வட்டமாக இருக்குமாம். கடித்தால் சத்தம் வருமாம். தூக்கத்திலும் வாய் மென்றது.

அது தை மாதம். ஏரிமேல் பனி படுத்திருக்கும். பனிக்குள் பூநாரைகள் நிற்பது, தண்ணீர்மேல் யாரோ சாயத்துணி உலர்த்தியது போல இருக்கும்.

ஒரு விடியலில் கூரையில் காய்ந்த பனங்கிழங்கைக் காணோம். அம்மா அவித்துக் காயப்போட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் தின்பண்டம். மண்ணைத் தோண்டினால் கிடைக்கும். அதனால் யாரும் அதைக் கேட்டு அழுததில்லை.

"காக்கா தூக்கினு பூட்ச்சு மருமவளே," என்றான் மாமன், அம்மாவின் தம்பி. அவன் கையெல்லாம் மாவு.

வெயில் ஏறியதும் மடியில் எதையோ மூடிக்கொண்டு வந்தான்.

"டேய், கோட்டைக்குப் போய் வாங்கியாந்தேன். துன்னு."

தம்பி எழுந்து உட்கார்ந்தான். "இன்னா மாமா, இம்மாம் கறுப்பா கீது?"

"கடல் வெயில்டா. அம்மாந்தூரம் கப்பல்ல வந்தா நீயும் கறுத்துப்பூடுவ."

"நான் இப்பவே கறுப்புதானே."

"அப்ப உனுக்குன்னே சுட்டுக்கீறான்."

கடித்தான். சத்தம் வந்தது. முழுதும் தின்றான். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. பனைவெல்லம் இனித்தது. பல்லிடுக்கில் நார் மாட்டியது. ஒல்லாந்துக்காரர் ஊரிலும் பனை நிற்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்ல ஓடினேன். உச்சிவெயில். அவள் ஏரியில் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள். இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்திருந்தாள். பறி பல்லில் இருக்கும்வரை எங்கள் பெண்கள் பேசமாட்டார்கள். வாயைத் திறந்தால் பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

"எம்மா, தம்பி துன்னுட்டான்! மாமா கோட்டை ரொட்டி வாங்கியாந்துச்சு! நம்ம பனங்கிழங்கு மாரியே கீதும்மா!"

அவள் நிமிரவில்லை. பறியை விடவுமில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நெடுநேரம் குலுங்கியது.

"குளுருதாம்மா? கரைக்கு வாயேன்," என்றேன்.

இப்போது என் பல்லில் பறி இருக்கிறது. உச்சிவெயிலில் ஏரித் தண்ணீர் குளிர்வதே இல்லை.