லேகியத்தின் மேல் போட்ட பழி

நன்னிலத்துப் பக்கம் நீலமேகம் என்று சொன்னால், "யாரு, தாண்டுறவரா?" என்றுதான் கேட்பார்கள். மும்முறைத் தாண்டுதல். ஓடிவந்து ஒரு காலால் எம்பி, அதே காலில் இறங்கி, மறுகாலுக்கு மாறி, கடைசியில் மணலில் போய் விழவேண்டும். அறுவடை முடிந்த வயலில் ஆற்று மணலைக் கொட்டிப் பழகியவன், அந்தத் தாண்டலை வைத்தே ரயில்வேயில் வேலையும் வாங்கிவிட்டான். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

ஆடாதவர் அவன் அப்பா அய்யாக்கண்ணு மட்டும்தான். அவர் தனிப்பிறவி. குத்தகைப் பதிவுக்காக ஊரே மிராசுதாரோடு மல்லுக்கட்டிய காலத்தில், "அந்த மூணு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்று சங்கத்துக்காரர்கள் கெஞ்சினார்கள். அவரோ தாசில்தார் முன்னால் நின்று, "கூலிக்குத்தாங்க உழுதேன்" என்று சொல்லிவிட்டு, வந்த நிலத்தை விட்டுவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வீடு திரும்பினார். இப்படிப்பட்ட மனிதருக்குப் பிள்ளையாகப் பிறப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

தொண்ணூற்றாறில் நீலமேகத்தின் முழங்கால் மக்கர் செய்தது. பதினாறு மீட்டரைத் தொட்டவன் பதினைந்துக்கே திணறினான். பயிற்சி முகாமில் ஒருவன் ஊசியைக் காட்டினான். இவன் கையை நீட்டினான். தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து என்று தெரிந்தேதான் நீட்டினான். ஒரு தடவையல்ல, ஏழு வாரம். சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டான்.

விசாரணைக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது தங்கை ஞானாம்பாள் அழுதுகொண்டே கேட்டாள். "அண்ணே, நான் கிண்டிக் குடுத்த லேகியத்தாலதான் இப்புடி ஆயிருக்குமோ? நாகூர் கந்தூரிக் கடையில ஒரு பொடி வாங்கிப் போட்டேனே. தெம்பு குடுக்கும்னு சொன்னான்."

'இல்லை' என்று சொல்லியிருக்கவேண்டும். பொய் சொல்லி நிலம் வாங்காத அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நீலமேகம், "இருக்கும்" என்றான்.

ஞானாம்பாள் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தெரியாமல் நடந்த தப்பு என்று நான்கு வருடத் தடை இரண்டாகக் குறைந்தது. வேலை தப்பியது. முழங்கால் மட்டும் அவனைவிட யோக்கியம், பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. தாண்டல் அதோடு போயிற்று.

"அண்ணன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவ" என்று ஊர் ஞானாம்பாளைப் பேசியது. அதைக் காதால் கேட்டுக்கொண்டே அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு நீலமேகம் திருச்சிக்கு ரயிலேறினான். எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ! அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை வந்து தலைகாட்டுவான். அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. ஞானாம்பாளின் மகள் ஜெயாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று பார்க்க வந்தான். பிள்ளை பெற்றவளுக்குத் தாய் தன் கையால் மருந்து இடித்து லேகியம் கிண்டித் தருவது அந்தப் பக்கத்து வழக்கம். ஞானாம்பாளோ கடையில் வாங்கிய டப்பாவைத் திறந்து மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தி அம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"பெத்தவ கை மருந்து மாதிரி வருமாங்க இது?"

"என் கை ஆவாதுங்க" என்றாள் ஞானாம்பாள், வெகு சாதாரணமாக.

நீலமேகத்துக்கு உடம்பே கூசிப்போயிற்று. தான் ஒரு மனிதனா என்று இருந்தது. அவள் துணி துவைக்கக் கொல்லைக்குப் போனபோது பின்னாலேயே போனான்.

"ஞானம், ஒன் லேகியத்துல ஒன்னுமே இல்ல. நான்தான் ஊசி போட்டுக்கிட்டேன். தெரிஞ்சே போட்டுக்கிட்டேன். அப்பாவுக்குப் பயந்து ஒன் தலையில கட்டிட்டேன்."

அவள் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எட்டு மாசம் படுக்கையில கெடந்தாரு. என் கையால ஒரு வாய்க் கஞ்சி வாங்கலண்ணே. அடுத்த வீட்டு நாகம்மா வந்துதான் ஊட்டுச்சு. கடைசிப் பாலை நான் ஊத்துனப்பகூட வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ வந்து ஊத்துனே. குடிச்சாரு."