உசுப்புகிறவன்

தூங்குகிறவனை எழுப்பச் சொல்லும்போது எங்கள் வீட்டில் 'உசுப்பு' என்பார்கள். தெருநாயைப் பூனைமீது ஏவினாலும் உசுப்பிவிடுவதுதான். சும்மா நின்ற இரண்டு பேரைச் சண்டைக்கு மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பவனை, 'உசுப்பேத்திட்டுப் போயிட்டான்' என்று திட்டுவார்கள். எங்கள் ஆற்றங்கரை ஊரில் இன்னொரு வேலைக்கும் அந்தச் சொல் உண்டு. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் சோர்ந்தால், தேருக்கு முன்னால் நின்று விசிலடித்து, கிண்டல் செய்து, வைது இழுக்க வைப்பது. தொண்ணூறுகளில் அது என் வேலை. எனக்கு வாய் நீளம், பொறுமை கிடையாது. அதற்காகவே என்னைப் பிடித்துப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பவர் என் அக்காவின் கணவர். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை. ஓடுகிற கதிரில் நூல் அறுந்தால் விரலால் பிடித்து ஒட்டுகிறவர். விரல்தான் அவருக்குச் சோறு. கட்டையை வைத்துக் கையை எடுத்ததும் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை உயர்த்திக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் நான் ஊத வேண்டும்.

அந்த வருஷம் தெற்கு ரதவீதி முக்கில் தேர் நின்றுவிட்டது. ஒரு மணி நேரமாகியும் அசையவில்லை. வெயிலில் தார் இளகிக் காலைச் சுட்டது. பாதிப் பேர் வடத்தைப் போட்டுவிட்டு மோர்ப்பந்தலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"ஏலே, உங்களால முக்கு திருப்ப முடியாதுன்னு வடக்குத் தெருக்காரன் நேத்தே சொல்லிட்டான்" என்று கத்தினேன்.

அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் மோரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். வடம் விறைத்தது. இருநூறு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு என் விசிலுக்காக நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். அத்தான் சக்கரத்தடியில் குனிந்திருந்தார். துண்டு தோளில்தான் கிடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் இவர்கள் வேகம் அடங்கிவிடுமே என்று பதறினேன். ஊதிவிட்டேன்.

அத்தான் அலறியது எனக்குக் கேட்டது. "நிறுத்துங்க வே, நிறுத்துங்க" என்று கத்தினேன். வழக்கம்போல உசுப்புகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தார்கள். கையை ஆட்டினேன், அதற்கும் இழுத்தார்கள். கடைசியில் வடத்தின் மேலேயே போய் விழுந்தேன். அதற்குள் தேர் முக்கைத் திரும்பிவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அத்தானுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் அக்கா என் பக்கம் பார்க்காமல் அவரிடம் கேட்டாள்.

"நீங்க துண்டக் காட்டாமயா இவன் ஊதுனான்?"

அத்தான் கண்ணை மூடியபடியே பைய சொன்னார்.

"காட்டிட்டேன். பொறவுதான் கட்ட சாஞ்சிருக்கதப் பாத்தேன். திரும்பக் கைய வச்சது என் தப்பு."

அக்கா என்னிடம் வந்தாள். ஒரு நிமிஷமாவது என்னைச் சந்தேகப்பட்டுவிட்டாளே என்று அவளுக்கு அழுகை.

"காலைலேருந்து ஏதாவது சாப்பிட்டியாலே?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.