நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்ட கரவன்

காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற அந்தக் கரவனை நான் வாங்கியதற்கு ஒரே காரணம் என் சம்பந்தி. மகள் கட்டியது ஒரு வெள்ளைக்காரப் பையனை. அவனுடைய தாய் தகப்பன் இரண்டு பேரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கோடை வந்தால் தங்கள் கரவனோடு நோர்போக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கலியாணம் முடிந்த அடுத்த கோடைக்கு எங்களையும் வரச்சொல்லிக் கேட்டார்கள். அவர்களுடைய கரவனிலேயே எங்களுக்கும் இடம் இருக்கிறது என்றார்கள். சம்பந்தி வீட்டில் போய் ஒண்டிக்கொண்டு படுப்பதா? சரிக்குச் சரி நிற்காவிட்டால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

எட்மண்டனில் ஒரு மூதாட்டியிடம் ஒன்று கிடைத்தது. கணவர் இறந்தபின் பல வருடங்களாக வீட்டு முற்றத்தில் சும்மா நின்ற கரவன். உள்ளே ஒரு கறை கிடையாது. டயரைக் குனிந்து பார்த்தேன். வரிப்பள்ளங்கள் கடையில் இருந்து எடுத்த அன்று போலவே ஆழமாக இருந்தன. விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தேயவே இல்லை, புதுசு" என்று மனைவியிடம் சொன்னேன்.

இதில் எனக்கு இருந்த திமிரைச் சொல்லத்தான் வேண்டும். லண்டனில் டாக்ஸி ஓடியே குடும்பத்தை வளர்த்தவன் நான். என் டயர்கள் எல்லாம் தேய்ந்துதான் செத்தன. மொட்டையானால் மாற்றுவோம், மொட்டையாகும்வரை ஓடுவோம். என்னுடைய கூட்டாளிகளும் அப்படித்தான்: வான் ஓடுகிறவன், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன், கடைக்குச் சாமான் ஏற்றுகிறவன். ஓடாமல் நிற்கிற வாகனம் எங்களில் ஒருவனிடமும் இருந்ததில்லை. ஒரு டயர் சும்மா நின்றே கிழடாகிச் சாகும் என்பது எங்கள் கற்பனைக்குள் வராத சங்கதி.

புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. மருமகனுக்கு வேலை, அவன் அடுத்த நாள் ரயிலில் வருவதாக ஏற்பாடு. மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி, வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. சம்பந்தி தன் கரவனோடு செவன் கிங்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், சேர்ந்து போகலாம் என்று. என் மனைவி கரவனுக்குள் ஒரு மூட்டை அரிசி, தேங்காய், பெரிய காஸ் அடுப்பு, ஒரு சட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி என்று ஒரு கலியாண வீட்டையே ஏற்றியிருந்தாள். டயருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய்களை வைத்தாள். ராகுகாலம் தொடங்க முன் அவற்றை நசித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சம்பந்திக்கு இதெல்லாம் புதுசு. கண்ணூறு படாமல் இருக்க என்று மகள் விளக்கியதும், தேசிக்காயைப் பார்க்க ஆசையோடு குந்தினார். குந்தியவர் எழும்பவில்லை. டயரின் பக்கவாட்டில் விரலை ஓட்டினார். என் மனைவி பூசிய சந்தனம் மயிரிழை போன்ற வெடிப்புகளுக்குள் இறங்கி, கோடு கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். எத்தனையாம் கிழமை, எந்த வருடம் செய்தது என்பது அதில் இருக்கிறதாம். கணக்குப் பார்த்தால், என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்து டயர்.

அவர் மெல்லிய குரலில்தான் சொன்னார். கரவன் டயர் தேய்வதில்லை, நின்ற இடத்திலேயே வெயிலிலும் பாரத்திலும் பழுதாகி, ஓடும்போது வெடித்துக் கிழியும். முழுப் பாரமும் இரண்டே டயரில். அதற்குக் கார் டயரைவிடப் பலமானது வேண்டும், காற்றும் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிற ஒருவரைத் தனக்குத் தெரியும், நாளைக் காலை போகலாம், தாங்களும் காத்திருப்போம் என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது எங்கே போகிறீர்கள் என்றே கேட்க மாட்டோம். இந்த மனிதர் வெடிக்கும், கிழியும் என்கிறார்.

"வெளிக்கிடுற நேரம் பார்த்து அபசகுனமாக் கதைக்கிறார் பார்," என்றேன் மனைவியிடம், அவருக்கு முன்னாலேயே, தமிழில்.

"ஒருநாள் பிந்தினால் என்னப்பா? அவர் சொல்லுறதையும் கேளுங்கோவன்," என்றாள் அவள்.

"நாளைக்கு மரணயோகம். கலண்டரைப் பார்."

பிறகு ஆங்கிலத்தில் அவரிடம், நான் ஆயுள் முழுக்க டாக்ஸி ஓடியவன், டயரைக் கையால் தொட்டாலே தெரியும் என்றேன். அவருடைய முகம் சிவந்தது. நிச்சயமாக, நிச்சயமாக என்று சொல்லிக்கொண்டு எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

சம்பந்தியம்மா மகளைத் தங்கள் காரில் வரச்சொன்னார், அதில் சாய்ந்து இருக்க வசதி என்று. மகள் என் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"இல்லை, நான் அப்பாவோட வாறன்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. தேசிக்காய்களை நசித்துக்கொண்டு கிளம்பினேன்.

எம் லெவன் நெடுஞ்சாலையில் கேம்பிரிட்ஜ் வருவதற்கு முன்னர் அது நடந்தது. பின்னால் படீரென்று ஒரு சத்தம். அடுத்த கணம் காரின் வாலை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. கரவன் இடமும் வலமுமாக ஆட, அது ஆட்டிய பக்கம் எல்லாம் கார் போனது. ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது, கார் என் கையில் இல்லை. வலப்பக்கம் ஒரு லொறி. "அப்பா!" என்று மகள் அலறினாள். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். என் திறமையால் கார் நின்றதென்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்படியோ ஓரத்தில் போய் நின்றது. பின்னால் வந்த சம்பந்தி எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, மற்ற வாகனங்கள் எங்கள்மேல் ஏறாமல் தடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் ஓடி வந்தார். டயரைப் பார்க்கவே இல்லை. மகளின் கதவைத் திறந்து, கையைப் பிடித்து, தடுப்புக்கு அப்பால் புல்லில் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார். நான் கிட்டப் போனேன். மகள் சம்பந்தியம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

டயர் நார் நாராகிக் கிடந்தது. அது சுழன்று அடித்ததில் கரவனின் அடித்தளம் பிய்ந்து, அந்த ஓட்டையால் ஆட்டிறைச்சிக் குழம்பு தெருவில் சொட்டியது. ஊர்ந்து போன கார்களில் இருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மானம் கப்பலேறியது. ஆனால் அந்தச் சனத்தின் பார்வை எனக்கு உறைக்கவில்லை. புல்லில் இருந்த அந்த நாலு பேரில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்காததுதான் உறைத்தது.

அம்புலன்ஸ் வந்து மகளை ஏற்றிப் போனது. என் மனைவியும் சம்பந்தியம்மாவும் கூடப் போனார்கள். கரவனை ஏற்றுகிற வண்டி வரும்வரை நானும் சம்பந்தியும் காத்திருந்தோம். அவர் பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றித் தந்தார். வண்டிக்காரன் வந்து டயரைப் பார்த்து, இது எத்தனை வருடத்து டயர் என்று கேட்டான். நான் வாயைத் திறக்க முன், சம்பந்தி சொன்னார்: நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம்.

நாங்கள் என்றார். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. இதற்கு என்ன செய்வது? குழந்தைப்பிள்ளை மாதிரி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றுப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். மனைவி அழுதாள், நானும் அழுதேன். மகள் அழுது முடித்திருந்தாள்.

"உங்கட முகம் வாடக்கூடாதெண்டுதான் நான் உங்கட காரில ஏறினனான் அப்பா," என்றாள்.



அடுத்த கோடைக்கு முன் கரவனைத் திருத்தினேன். சம்பந்தியையே பார்க்கிங் என்கிற ஊரில் இருக்கிற டயர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் சொன்னதையே வாங்கினேன்: பாரம் தாங்குகிற, வான்களுக்குப் போடுகிற வகை, அந்த வருடமே செய்தது. காற்றையும் அவர் சொன்ன அளவுக்கு அடித்தேன். அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டேன். புறப்படுகிற காலை, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மகளைக் கூப்பிட்டேன்.

"வந்து பார் பிள்ளை. இந்த வருசம் செய்தது. இலக்கத்தைப் பார்."

வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கப்பா," என்றாள். பிறகு, குரலில் ஒரு கோபமும் இல்லாமல், "பிள்ளையும் நானும் அவையின்ர காரில வாறம், என்ன?" என்றாள்.

சம்பந்திக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கியிருக்க வேண்டும், தன் கரவனுக்குப் பின்னால் ஏதோ பார்ப்பதுபோலப் போய்விட்டார்.

"ஓம் பிள்ளை, அதுதான் நல்லது," என்றேன். அவளை மறிக்கிற முகம் எனக்கு இல்லை. என் காரில் நான் காலையிலேயே பூட்டி வைத்திருந்த குழந்தை இருக்கையைக் கழற்றினேன். அதைத் தூக்கிக்கொண்டு போய், சம்பந்தியின் காரில் என் கையாலேயே இறுக்கிப் பூட்டிக் கொடுத்தேன்.