சவலைக்குப் பரிந்தவள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கொசுவக்காவுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. கொசு வளர்க்கும் அறையின் கதவை அரை நிமிடம் திறந்து வைத்ததற்காக என்னை அவள் வறுத்து எடுத்ததைக் கேட்டுப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அங்கே ஏசி மெக்கானிக். அந்த அறையை இருபத்தேழு டிகிரியில் நிறுத்தி வைப்பது என் பொறுப்பு. அரை டிகிரி ஏறவோ இறங்கவோ விடாமல் பதினோரு வருடம் நிறுத்தி வைத்தேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

அவள் கூட்டிப் பெருக்க வந்தவள். கொசு பிடித்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோக, அவன் விட்டுப்போன உறிஞ்சு குழாயை இவள் எடுத்து வாயில் வைத்தாள். ஒரு முனையில் உறிஞ்சினால் மறுமுனைக் கண்ணாடிக்குள் கொசு வந்து விழும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வயிற்றுக்குள் போகாது. ஒரே மாதத்தில், கூண்டுக்குள் பறக்கும்போதே ஆண் எது, பெண் எது என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

நகரத்தின் பல இடங்களிலிருந்து காகிதத் துண்டுகளில் ஒட்டிய முட்டைகள் வரும். அவற்றை வெள்ளைத் தட்டில் நனைத்து, தட்டுக்கு இருநூறு புழு என்று எண்ணி விடுவாள். காலையும் மாலையும் பொடித்த மீன் தீவனம். மாப்பிள்ளை கவனிப்புத் தோற்றுப்போகும். சிறகு முளைத்ததும் கொழுகொழுவென்று இருக்கும் பெண் கொசுக்களை மட்டும் உறிஞ்சி எடுப்பாள். ஒல்லியும் குள்ளமும் கூண்டோடு ஃப்ரீசருக்குப் போய்ச் சாகும். அவற்றுக்கு அவள் வைத்த பெயர் சவலை. "இதெல்லாம் என் கையால சோதனைக்குப் போச்சுன்னா எனக்குத்தான் அசிங்கம்" என்பாள்.

கொழுத்தவை உள்ளறைக்குப் போகும். இரட்டைக் கதவு போட்ட அந்த அறைக்குள் பெரிய டாக்டரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. அவர் அவற்றுக்கு வைரஸ் கலந்த ரத்தம் கொடுத்து, பத்தாம் நாள் எச்சிலைச் சோதிப்பார். எங்களுக்கும் ஒருமுறை விளக்கியிருக்கிறார். ரத்தத்தோடு வைரஸ் உள்ளே போனால் மட்டும் போதாது. கொசுவின் வயிற்றுச் சுவரைத் தாண்டி, உடம்பெல்லாம் பரவி, எச்சில் சுரப்பிக்குள் நுழைய வேண்டும். அப்போதுதான் அடுத்த கடியில் மனிதருக்கு இறங்கும். பாதி வழியில் நின்றுவிட்டால் அந்தக் கொசுவால் அரிப்பைத் தவிர வேறு தொல்லை இல்லை.

அந்த வருடம் கொசுவக்கா குடியிருந்த தகர வீடுகள் பக்கம் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அவள் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவத்துக்கு வந்து அங்கேதான் இருந்தாள். வீடு வீடாக வந்து தண்ணீர் டிரம்களில் கொசுப்புழு இருக்கிறதா என்று சோதித்து மருந்து போடும் ஊழியர்களை நம்பித்தான் அக்கா வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

டாக்டரின் முடிவு வந்தது. ஐம்பது கொசுவில் மூன்றின் எச்சிலில்தான் வைரஸ். நம் நகரத்துக் கொசு இந்த வைரஸ் காய்ச்சலை அதிகம் பரப்பாது, தகர வீடுகளில் இருப்பது வேறு ஏதோ காய்ச்சல் என்று அறிக்கை தயாரானது. அது வெள்ளிக்கிழமை சுகாதாரத் துறைக்குப் போய்ச் சேர்ந்தால் டிரம் சோதிக்கும் ஆட்களை வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை அக்கா ஒரு மூடிய டப்பாவோடு என் பட்டறைக்கு வந்தாள். உள்ளே அவள் வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த கொசுக்கள்.

"பாரு தம்பி. நான் வளர்க்கிறதுல பாதிகூட இல்ல. மருந்து போட்டும் எங்க டிரம்ல புழு நெருக்கியடிச்சுக் கிடக்கு, தின்ன ஒண்ணுமில்ல. எல்லாம் சவலை."

"அதுக்கென்னக்கா?"

"அதுக்கென்னவா? எங்க பொண்ணைக் கடிக்கிறது இதுதான்டா. டாக்டர் சோதிச்சது எதை? நான் ஊட்டி வளர்த்ததை! இதையெல்லாம் நானே பொறுக்கி ஃப்ரீசர்ல போட்டிருக்கேனே, பாவி!"

அன்று மதியம் என்னைத் தெர்மாமீட்டரோடு வீட்டுக்கு இழுத்துப்போனாள். கொசு ஒளிந்திருக்கும் கட்டிலடியில் முப்பத்தொன்று. கட்டிலில் கால் வீங்கி உட்கார்ந்திருந்த மகள், "அம்மா, கொசுவுக்கும் காய்ச்சலா பாக்கறீங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கட்டிக்காத்த இருபத்தேழு இந்தத் தெருவில் எங்கும் இல்லை. சூடு ஏறினால் கொசுவுக்குள் வைரஸும் வேகமாகப் பெருகும் என்று டாக்டரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் பதினோரு வருடம் எனக்கு அது உறைக்கவே இல்லை.

மறுநாள் அவர் முன்னால் போய் நின்றோம்.

"எல்லா ஊர்லயும் இதுதாம்மா முறை. சின்னக் கொசு சரியா ரத்தம் குடிக்காது, சீக்கிரம் செத்துடும். பட்டினியில வளர்ந்தது எத்தனை நாள் தாங்கும்?"

"நாங்க தாங்கலையா சார்?"

அவர் முகம் கறுத்தது. வளர்ப்புப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். கொசு வளர்த்தவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை நகராது. "போட்டுட்டுப் போங்க."

படிவத்தில் 'விலக்கியவை' என்று ஒரு கட்டம். பதினோரு வருடமாக அதை அவள் காலியாகத்தான் விட்டாள். யாரும் கேட்டதில்லை, அவளும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அன்றைக்குப் பேனாவை எடுத்து, எழுத்துக் கூட்டி நிதானமாக எழுதினாள்: 'தட்டுக்கு அறுபது. எல்லாம் சிறுசு. நான்தான் கொன்றேன்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இதை அனுப்பினா என்னை என்ன நினைப்பாங்க?"

"உண்மையைத்தானே சார் எழுதியிருக்கேன்."

"வேலை போயிடும்மா, ஞாபகம் இருக்கட்டும்."

"போகட்டும் சார். துடைப்பம் எங்க வேணாலும் கிடைக்கும். என் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

அவர் கெட்டவர் இல்லை. அந்த அறுபது அவரை உறுத்தியது. அரைமணி நேரம் கழித்து வளர்ப்பறைக்கு வந்து, "உங்க வாயை அடைக்கிறதுக்காகவே சோதிக்கிறேன். அறிக்கை ஒரு மாசம் நிக்கட்டும்" என்றார். அறிக்கை நின்றதால் டிரம் பார்க்கும் ஆட்களும் வேறு பகுதிக்குப் போகாமல் நின்றார்கள்.

அவள் தட்டுக்கு அறுநூறு புழு விட்டாள், தீவனத்தைப் பாதியாகக் குறைத்தாள். கை வராமல், பட்டினி போட்ட புழுக்களைப் பார்த்துக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் வெளிச்சுவரில் இருந்த சுவிட்சு மூலமாகவே, உள்ளறையில் கொசு வைக்கும் அலமாரி ஒன்றை, அவள் கட்டிலடியைப் போலவே, முப்பத்தொன்றுக்கு ஏற்றினேன். பழக்கதோஷத்தில் இரண்டு தடவை இருபத்தேழுக்குத் திருப்பிவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சவலை சீக்கிரம் செத்துவிடும் என்று டாக்டர் இந்த முறை ஏழாம் நாளே எச்சில் எடுத்தார். ஐம்பது சவலையில் பத்தொன்பதில் வைரஸ் இருந்தது. இரட்டைக் கதவைத் தாண்டி வந்தவர் தாளை அவள் கையில் கொடுத்தார். "நீங்க சொன்னதுதாம்மா சரி. அறிக்கையை மாத்தி எழுதறேன். பசியா, சூடா, எது எவ்வளவுன்னு இனிமேதான் பிரிச்சுப் பாக்கணும்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போனது. தான் சொன்னது சரி என்றால் மகள் எப்படிப்பட்ட கொசுக்களுக்கு நடுவில் படுத்திருக்கிறாள் என்பது அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. உறிஞ்சு குழாயைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினாள். லீவு கேட்கவில்லை. நானும் கேட்காமல் பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குப் போனதும் வாசல் டிரம்மை உதைத்துச் சாய்த்தாள். தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது.

"ஐயோ அம்மா! அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் குழாய்ல வருது. குடிக்க என்ன பண்றது?" என்று மகள் அலறினாள்.

அக்கா காலி டிரம்மைப் படுக்கப்போட்டு உருட்டத் தொடங்கினாள். என்ன ஏது என்று கேட்டவர்களிடம் ஒரே மூச்சில் சொன்னாள். காய்ச்சலில் யாராவது படுத்திராத வீடு அந்தத் தெருவில் இல்லை. திட்டிக்கொண்டே சிலர் தங்கள் டிரம்மையும் கவிழ்த்தார்கள். முட்டுவலிக்காரன் நானும் ஒன்றை உருட்டினேன். குடிநீர் அலுவலக வாசலில் இருபத்து மூன்று டிரம்கள் வரிசையாக நின்றன.

அதிகாரி வெளியே வந்தார். "என்னம்மா இது? மனு எழுதிக் குடுத்துட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

"எடுத்துட்டுப் போய்? மறுபடி அஞ்சு நாள் தண்ணியை அதுல தேக்கிவெக்கவா? தினம் தண்ணி விட்டீங்கன்னா எங்களுக்கு டிரம்மே வேணாம். அதுவரைக்கும் எல்லாம் இங்கதான் நிக்கும். மழை பெய்யட்டும், ரொம்பட்டும், கொசு உங்க வாசல்ல வளரட்டும். பதினோரு வருஷமா வளர்க்கிறேன், நல்லாவே வளர்ப்பேன்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி அதை ஒருமுறை பார்த்தார், டிரம்களை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய், தண்ணீர் திறந்துவிடும் ஆளைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.