ஒரே மண்ணுக்கு இரண்டு கணக்கு

டைல்ஸ் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் லேசர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. அது அவளுக்கும் தெரியும். கணவர் இறந்தபின் மகளைத் தனியாக வளர்த்தவள். சிரித்துப் பேசினால் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று முகத்தைக் கடுகடுவென்றே வைத்திருந்தாள்.

அடுத்த அறையில் அரைவைக்காரர். லாரியில் வரும் களிமண்ணைக் காயவைத்து, பொடியாக்கி, வில்லையாக அழுத்தித் தருவார். வில்லையில் லேசர் பட்டதும் பொறி பறக்கும். அந்த வெளிச்சத்தை அலசி, மண்ணில் இரும்பு எவ்வளவு என்று இயந்திரம் சொல்லிவிடும். இரும்பு கூடினால் வெள்ளை டைல்ஸ் சூளையிலேயே பழுப்பாகிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் கணக்கு தாறுமாறானது. ஒரே குவியல் மண்தான்; காலையில் ஓர் அளவு, மதியம் வேறு. மேனேஜர் அவளைத்தான் பிடித்துக் காய்ச்சினார்.

வில்லையும் கையுமாக அரைவை அறைக்குள் புகுந்தாள்.

"என்னங்க இது? தொட்டாலே நறநறன்னு இருக்கு!"

"மழையில மண்ணு காயமாட்டேங்குது, மில்லுல அப்பிக்குது. ஆனா பொடி எப்படி இருந்தா என்னங்க? மண்ணு அதே மண்ணுதானே?"

வெடுக்கென்று பதில் சொல்ல வாயெடுத்தவள், கையிலிருந்த வில்லையைத் திருப்பிப் பார்த்தாள். நியாயமான கேள்வி.

"தெரியலைங்க. பாத்துடலாமா?"

ஒரே கட்டியை அடுப்பில் உலர்த்தி, பொடித்து, சல்லடைகளில் சலித்து, கரகரப்பாக ஒன்றும் நைசாக ஒன்றும் வில்லை போட்டார்கள். கரகரப்பானதில் லேசர் பட்டதும் பருக்கைகள் சிதறி ஓடின, பொறி மங்கியது. ஒருமுறை இரும்புள்ள பருக்கை மாட்டியது, மறுமுறை வெறும் பருக்கை. எண் எகிறிக் குதித்தது. நைசான வில்லையிலோ எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்ததால், எங்கே பட்டாலும் ஏறக்குறைய அதே எண்.

"அப்போ மெஷின் மேல தப்பில்ல," என்றார் அவர்.

"உங்க மேலயும் இல்ல. மழை மேலதான்!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து உலர்த்திச் சலிக்காமல் எந்த வில்லையும் போடவில்லை. கணக்கும் அடங்கியது, மேனேஜரும் அடங்கினார்.

படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைக் கோட்டைவிட்டவர் அவர் என்பது, சேர்ந்து டீ குடிக்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. போன் பேச்சும் நீண்டது.

"யாரும்மா அது?" என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"வேலை விஷயம்டி."

"மண்ணு சலிக்கிற பேச்சுக்கு இவ்வளவு வெக்கமா? வீட்டுக்கு வரச் சொல்லு."

விடுமுறை நாளில் அவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் சுற்றி வளைக்கவில்லை.

"அங்கிள், எங்கம்மாவைக் கட்டிக்கிறீங்களா?"

அவருக்கு வேர்த்துவிட்டது. "அவங்க சரின்னா... நாளைக்கே."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நாளைக்கு எனக்கு டூட்டி இருக்கு," என்றாள் அவள் உள்ளேயிருந்து. "ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்."